சொல்லிக் காட்டுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேசத் தொடங்குமுன் ஒரு காரியம். இந்த அரங்கில் பார்வையற்ற நண்பர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் நான்கு நாற்காலிகள், ஒன்று காலி. எனக்கு வயது 58. வெள்ளைக் கதர்ச் சட்டை, மூக்குக்கண்ணாடி, பாதிக்கு மேல் நரைத்த தலை. எனக்கு வலப்பக்கம் இந்தியச் சைகைமொழிப் பெயர்ப்பாளர் நிற்கிறார். கையசைவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பூவேலை எதுவும் இல்லாத கரும்பச்சைப் புடவை உடுத்தியிருக்கிறார். பின்னால் பெரிய வெண்திரை. கணினிவழிக் கலையை 25 ஆண்டுகளாகக் கற்பித்துவருபவன் திரையில் படம் காட்டாமல் பேசுவது வழக்கமில்லை. இன்று அதில் ஒன்றும் வராது. காட்ட வேண்டியதைச் சொல்லியே காட்டப் பார்க்கிறேன்.

‘சொல்லிக் காட்டுவது’ என்றால் நம் பேச்சுவழக்கில் நல்ல பொருள் இல்லை. செய்த உதவியை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வதற்குத்தான் அந்தப் பெயர். ‘ஒரு வேளை சோறு போட்டதைச் சொல்லிக் காட்டிவிட்டான்’ என்று மனம் நொந்து சொல்வோம். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சொல்லுவதன் மூலமாகவே காட்டுவது என்று இன்னொரு பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகக் கலையுலகம் செய்யும் பல காரியங்கள் முதற்பொருளில் நடக்கின்றன. சாய்தளம் போட்டதைப் படம் பிடிக்கிறார்கள், பிரெயில் பலகை வைத்ததைச் செய்தியாக்குகிறார்கள். இரண்டாம் பொருளில் நடக்க வேண்டியது எப்படி நடக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். அவளுடைய 12ஆவது வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போயிற்று. எனக்கு அப்போது 8 வயது. அதற்கு முந்தைய மார்கழிவரை எங்கள் தெருவில் அவள் போடும் கோலத்தைப் பார்க்க நாலு வீடு தள்ளியிருந்தெல்லாம் வருவார்கள். அடுத்த மார்கழி வந்தபோது வீட்டில் யாரும் கோலத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அவள் மனம் கஷ்டப்படும் என்று அம்மா நினைத்தாள். அக்காதான் என்னைக் கூப்பிட்டாள். “வாரப் பத்திரிகை வந்திருக்குமே, கோலப் பக்கத்தைப் படிடா” என்றாள். படத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. “படத்தை விடு, கீழே ஒரு வரி போட்டிருக்கும், அதைப் படி” என்றாள்.

கீழே ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்று போட்டிருந்தது.

அவளுக்கு அது போதும். நடுவில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு புள்ளியாக 14, பிறகு 13. இப்படி இரண்டு பக்கமும் 8இல் வந்து நிற்கும். மொத்தம் 15 வரிசை, உருவம் அறுகோணம். இடது கை விரல்களால் இடைவெளியை அளந்துகொண்டு வலது கையால் புள்ளி வைத்தாள். கோட்டை எங்கே வளைப்பது என்பதை மட்டும் நான் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். எட்டு வயதுப் பையன் நிறையத் தப்பாகச் சொன்னேன், அவள் திருத்திக்கொண்டாள். அன்றைக்கு நான் செய்த வேலைக்கு இப்போது உலகமெங்கும் ஒரு பெயர் இருக்கிறது. படத்துக்கான மாற்று உரை என்கிறார்கள். நம் பத்திரிகைகளின் கோலப் பக்கத்தில் அது பல காலமாக ஒரே வரியில் இருந்துவந்திருக்கிறது, பார்வையற்றவருக்கென்று யாரும் எழுதாமலே.

கோலம் சொல்லாக முடியும் என்பதைக் கணிதவழியே காட்டியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இல் கோலங்களின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதைப்போல உருவத்துக்கும் உண்டு என்று கணினியியலார் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. கை நேரே போகிறதா, வளைகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் குறியீடுகளாக எழுதிவிட்டால் ஒரு கம்பிக் கோலம் நீளமான ஒரு சொற்றொடர் ஆகிவிடும். வாசலில் பெண்கள் கையால் செய்த கணக்கு, உலகக் கணினியியலுக்கு ஓர் எடுத்துக்காட்டாகப் போயிற்று.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், நிரல் எழுதிக் கணினியில் வரையப்படும் எந்தப் படமும் அடிப்படையில் எழுத்துதான். திரையில் ஒரு வட்டம் தெரிகிறது என்றால் அதற்குப் பின்னால் ‘இந்த இடத்தில், இந்த அளவில், இந்த நிறத்தில் வட்டம்’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் ஓவியத்துக்கு இந்த வசதி கிடையாது. சொல்லாகப் பிறந்த கலை பார்வையற்றவரிடம் வரும்போது ஊமையாகிப்போகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. வலைப்பக்கத்தில் உள்ள எழுத்தையெல்லாம் வாசித்துக்கொண்டே வரும் திரைவாசிப்பான், படம் வரையப்படும் பரப்புக்கு வந்ததும் நின்றுவிடும். அந்தப் பரப்புக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. படைத்தவர் சொல்லவில்லை என்றால் அது ஒரு பூட்டிய அறை.

பி5.ஜேஎஸ் என்ற இலவச வரைகலைக் கருவியை எங்கள் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய புராசஸிங்கின் வழித்தோன்றல் அது. லாரன் லீ மெக்கார்த்தி உருவாக்கியது. அதில் ‘டிஸ்க்ரைப்’ என்று ஒரு கட்டளை உண்டு. வட்டம் போடு, கோடு போடு என்று எழுதும் அதே நிரலுக்குள், இந்தப் படம் என்ன என்று கலைஞரே எழுதிவைக்கலாம். திரைவாசிப்பான் அதைப் படித்துவிடும். இன்னொரு கட்டளை, வரையப்பட்ட வடிவங்களையும் அவற்றின் நிறத்தையும் இடத்தையும் தானே பட்டியலிட்டுத் தரும். படம் மாறினால் பட்டியலும் மாறும். நான் வகுப்பில் இதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் அது ஒட்டுப்போடும் வேலையாகிவிடுகிறது.

விவரணை எழுதுவது குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் ஆசிரியரின் முடிவுகள். அமெரிக்காவில் போயானா கோக்லியாட், ஷானன் ஃபினெகன் என்ற இரு மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் ‘மாற்று உரையே கவிதை’ என்ற பொருளில் பட்டறைகள் நடத்தி, ஒரு பயிற்சி ஏடும் வெளியிட்டிருக்கிறார்கள். கவிதைக்கு வேண்டிய சிக்கனமும் கவனமும் இதற்கும் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் படத்தைப் பார்த்து நொடியில் விவரம் சொல்கின்றன. தெருப் பலகையையும் மருந்துச் சீட்டையும் படிக்க அக்காவே அவற்றைப் பயன்படுத்துகிறாள், பெரிய உதவி. ஆனால் 15 புள்ளிக் கோலம் ஒன்றைக் காட்டியபோது ‘தரையில் வெள்ளை நிறத்தில் அழகான வடிவம்’ என்றது. அழகா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. எத்தனை புள்ளி என்று கேட்டாள்.

தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைக்கூடம் தன் கண்காட்சிக் கையேட்டை மின்னஞ்சலில் அனுப்பியது. எழுத்துகள் கண்ணுக்கு அழகாக இருந்தன. அக்காவின் கணினி அதைப் படித்த விதத்தை அப்படியே சொல்கிறேன்: “எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.” யோசித்துப் பார்த்தேன். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால் உள்ளே பதிவாவது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, காதுக்கு வெறும் உளறல். யுனிகோடில் அடித்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இன்றும் எத்தனையோ அழைப்பிதழ்களும் மலர்களும் பழைய எழுத்துருவிலோ, அதைவிட மோசமாக, முழுக்கப் படமாகவோதான் வருகின்றன. வாட்ஸப்பில் வரும் விழா அழைப்பு ஒரு பார்வையற்றவருக்கு வெற்றுக் காகிதம். இதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம், பழக்கத்தை மாற்றினால் போதும்.

அக்கா பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானும் இலவசம்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் அதை எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை இல்லை. சிறுவயதில் ஓர் இசை முகாமில் சந்தித்த நண்பர்கள். விலைக்குக் கிடைத்த மென்பொருள்கள் பார்வையற்றவர் பலருக்கு எட்டாத விலையில் இருந்ததால் தாங்களே செய்துகொண்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இலவசம் என்பதைவிட, செய்தவர்கள் யார் என்பது.

ஏனென்றால் இந்தப் பேச்சில் ஒரு சாய்வு தானாக வந்துவிடுகிறது. நாம் படைப்பவர், அவர்கள் பார்ப்பவர் என்று வைத்துக்கொண்டு பேசிவிடுகிறோம். இரட்டைப் புலவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பார்வையில்லை, ஒருவருக்கு நடக்க இயலாது. பார்வையில்லாதவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் இதை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். மரபுச் செய்தியின் அடுத்த பாதிதான் எனக்குப் பிடித்தது: ஒருவர் வெண்பாவின் முதல் இரண்டு அடியைப் பாட, மற்றவர் மீதி இரண்டு அடியைப் பாடி முடிப்பாராம். வழியைப் பகிர்ந்துகொண்டவர்கள் பாட்டையும் பகிர்ந்துகொண்டார்கள். யார் யாருக்கு உதவினார் என்று அந்த வெண்பாவில் பிரித்துச் சொல்ல முடியாது.

சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜி 1904இல் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை, மறுகண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. இந்தி பவனத்துச் சுவரில் இடைக்காலப் பக்தர்களின் வாழ்வை விரித்த பெரும் சுவரோவியத்தை அந்தக் கண்ணோடுதான் வரைந்தார். பின்னாளில் நடந்த கண் அறுவைக்குப் பிறகு இருந்த பார்வையும் போயிற்று. அதற்குப் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டினார், களிமண்ணில் செய்தார், ஓடுகளால் ஒரு சுவரையே நிறைத்தார். அவருடைய மாணவர் சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். காகிதத்துக்கு ஓரம் உண்டு, களிமண்ணுக்கு மேடுபள்ளம் உண்டு. விரல் முகர்ஜிக்குக் கண்ணாயிற்று. அவர் இன்று மாணவராக வந்து, நான் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? வழவழப்பான கண்ணாடி. எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் ‘வாய்ஸ்ஓவர்’ வசதியோடு வந்தபோது அந்தக் கண்ணாடி முதன்முதலாகப் பேசியது. விரல் படும் பொத்தானின் பெயரைச் சொன்னது. பொத்தானைச் சொல்கிறதே தவிர, வரைந்த கோட்டை இன்னும் விரலுக்கு உணர்த்தவில்லை. இதில் நாம் போக வேண்டிய தூரம் நிறைய.

கருவி எங்கே கைகொடுத்தது என்பதற்கு ஒரு நிகழ்வு. லாஸ் ஏஞ்சலிஸில் டெம்ப்ட் ஒன் என்ற பெயரில் சுவரெழுத்துக் கலைஞர் ஒருவர் புகழ்பெற்றிருந்தார். 2003இல் அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்தது. சிறிது சிறிதாக உடல் முழுதும் அசைவற்றுப்போய், கண் மட்டும் மிஞ்சியது. 2009இல் சில கலைஞர்களும் நிரலர்களும் சேர்ந்து, மலிவான ஒரு கண்ணாடிச் சட்டம், பிளேஸ்டேஷன் விளையாட்டுக்கான கேமரா, அகச்சிவப்பு விளக்குகள் இவற்றை ஒட்டவைத்து ‘ஐரைட்டர்’ என்ற கருவியைச் செய்தார்கள். கண்பாவை போகும் திசையைக் கேமரா பின்தொடரும், திரையில் கோடு விழும். படுக்கையில் கிடந்தபடி அவர் எழுதிய எழுத்து புரொஜெக்டர் வழியாக நகரத்துக் கட்டடச் சுவரில் ஒளியாக விழுந்தது. செய்முறை முழுவதையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். அவர் கேட்டது ஆறுதலுக்கு ஏதோ ஒரு படம் வரையும் வசதி இல்லை. தன்னுடைய எழுத்து, அதன் வளைவு, அதன் கூர்மை அப்படியே சுவருக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காததால்தான் அது கலையாயிற்று.

எல்லாவற்றுக்கும் புதுக் கருவியும் வேண்டியதில்லை. ஹால் லாஸ்கோ என்ற அமெரிக்க முதியவர், 1915இல் பிறந்து 2014இல் மறைந்தவர், எழுத்துரு வேலையில் ஓய்வுபெற்றபின் விழித்திரைச் சிதைவால் பார்வை மங்கிப்போனார். எல்லா விண்டோஸ் கணினியிலும் சும்மா கிடக்கும் மைக்ரோசாப்ட் பெயின்ட்டில், புள்ளியைப் பூதாகரமாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாக வைத்து ஓவியங்கள் வரைந்தார். அவருக்கு வேண்டியிருந்தது பெரிதாக்கும் பொத்தான் ஒன்றும், நேரமும்.

நேரம் என்றேன். நம் போட்டிகளும் நல்கைகளும் இதைத்தான் கொடுப்பதில்லை. கண்ணசைவால் ஒரு பக்கம் விண்ணப்பம் நிரப்புபவருக்கும் பத்து விரலால் நிரப்புபவருக்கும் ஒரே கடைசி நாள்.

காது கேளாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் வலப்பக்கம் நிற்பவர் என்னை மன்னிக்க மாட்டார். கிறிஸ்டீன் சன் கிம் பிறவியிலேயே காது கேளாத கலைஞர். ஒலியையே தன் பொருளாக எடுத்துக்கொண்டவர். 2020 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் மிகப் பெரிய இறுதிப் போட்டியில் நாட்டுப்பண்ணைச் சைகைமொழியில் நிகழ்த்த அழைத்தார்கள். தொலைக்காட்சி அவரைச் சில நொடிகள் காட்டிவிட்டு வீரர்கள் பக்கம் திரும்பிவிட்டது. மேடையில் இடம் இருந்தது, திரையில் இல்லை. படங்களின் அடியில் ‘இசை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் வழக்கத்தையும் அவர் விடவில்லை. எப்படிப்பட்ட இசை, எவ்வளவு நேரம், யாரை நோக்கி என்று எழுதிக் காட்டியிருக்கிறார்.

தமிழில் காணொளிக்குத் துணையுரை எழுதும் என் மாணவர்களும் ‘பின்னணி இசை’ என்றே எழுதுகிறார்கள். சாவு வீட்டுப் பறையா, கல்யாண வீட்டு நாதஸ்வரமா என்றுகூடச் சொல்வதில்லை. சலசல, படபட, நெறுநெறு என்று இத்தனை இரட்டைக்கிளவி வைத்திருக்கும் மொழி இது. ஒரே கதவு ‘கிரீச்’ என்றும் திறக்கும், ‘படார்’ என்றும் திறக்கும். வாழ்வின் இடையில் செவித்திறனை இழந்தவருக்கு அந்தச் சொல் நினைவிலிருந்து ஒலியை எழுப்பும். பிறவியிலேயே கேளாதவருக்கு எழுப்பாது. அவர்களில் பலருக்குத் தமிழே இரண்டாம் மொழி, சைகைமொழிதான் தாய்மொழிபோல. ஆகவே துணையுரை போட்டாயிற்று, கடமை முடிந்தது என்று கைகழுவ முடியாது.

வலிப்புநோய் உள்ளவர்களையும் நினைக்க வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் அத்தியாயம் ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னின. அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று இணைய அணுகல் நெறிகள் சொல்கின்றன. ஒளியை வைத்து விளையாடும் எந்தக் கலைஞரும் இந்த ஓர் எண்ணை மறக்கக் கூடாது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 29ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தருவதையும், கலையை அணுகத்தக்கதாக ஆக்குவதையும் அரசின் கடமையாக வைக்கிறது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு ஒவ்வாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நல்லது. ஆனால் கட்டாயத்தால் மாற்று உரை வரும், நல்ல மாற்று உரை வராது. அதற்குக் கலைஞருக்கு ஆசை வர வேண்டும். அந்த ஆசை எப்படி வருகிறது என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஒளிக்கோலம் ஒன்று செய்திருந்தாள். தரையில் நீங்கள் நின்றால் காலடியிலிருந்து புள்ளிகள் பூத்து, கோடுகள் வளைந்து ஓடும். கண்காட்சியைப் பார்க்க அக்காவை அழைத்துப்போனேன். அவள் நின்றாள். சுற்றியிருந்தவர்கள் ‘ஆஹா’ என்றார்கள். “என்னடா வருது?” என்றாள். “கோலம்க்கா” என்றேன். “எத்தனை புள்ளி?”

மாணவி திகைத்துப்போனாள். புள்ளிகளை அவள் எண்ணவே இல்லை. இடத்துக்கு ஏற்றபடி கணினி நிரப்பிக்கொள்ளும்படி எழுதியிருந்தாள். அன்று இரவு அவள் என்னிடம் ஒரு வார அவகாசம் கேட்டாள். முழு நிரலையும் கலைத்து, 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி என்று அமைத்தாள். ஒவ்வொரு வரிசை பூக்கும்போதும் புள்ளிகளின் எண்ணிக்கையை ஒரு குரல் சொல்லும்படியும், கோடு திரும்பும்போது இடப்பக்க ஒலிபெருக்கியிலிருந்து வலப்பக்கத்துக்கு ஒரு மெல்லிய ஒலி நகரும்படியும் செய்தாள். மூன்று நாள் ஓடியது. நிறையப் பேர் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பாராட்டினார்கள். நானும் பார்த்தேன், பேராசிரியர்களும் பார்த்தார்கள்.

நாலாம் நாள் அக்கா மறுபடி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள். எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறி, பதினைந்தைத் தொட்டு, பதினான்கு, பதின்மூன்று என்று இறங்கி, குரல் நின்றது. கோடுகள் ஓடத் தொடங்கின.

“ஏம்மா, ஒன்பதோட நின்னுடுச்சே” என்றாள் அக்கா. “கடைசி எட்டு எங்கே?”

மாணவி மடிக்கணினியைத் திறந்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து, நிரலில் அந்த வரியைத் தேட ஆரம்பித்தாள்.